கடலூருக்கு பாஸ் வேண்டாம். வேலூருக்கு பாஸ் வேணும்! போளூர் மக்களை அலைக்கழித்த கொரோனா விதிகள்

போளூர்,

போளூரில் இருந்து வேலூர் சுமார் 50 கிலோமீட்டர். கடலூரோ 100 கிலோமீட்டருக்கும் மேல். 2020-ம் ஆண்டு ஜூன் மாதம் போளூர்க்காரர் ஒருவர் கடலூருக்குப் போக பாஸ் தேவை இல்லை. கூப்பிடு தூரத்தில் இருக்கும் வேலூருக்குப் போகத்தான் பாஸ் தேவைப்பட்டது!

இன்று கேட்டால் சிரிப்பு வரும். நெஞ்சு வலியில் துடித்தவரை காரில் போட்டுக்கொண்டு வேலூருக்கு ஓடியவர்களுக்கு அது சிரிப்பாக இருக்கவில்லை.

இது பற்றிய விவரம் வருமாறு:-

3-வது மண்டலம்

கொரோனாவுக்காக 2020 மார்ச் 25-ந் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. பயணிகள் ரெயில்கள் அதற்கு முன்பே நின்றுவிட்டன. காட்பாடி-விழுப்புரம் பாதையில் உள்ள போளூர் ரெயில் நிலையம் வெறிச்சோடியது.

ஜூன் 1-ந் தேதி கொஞ்சம் தளர்வு கிடைத்தது. தமிழ்நாட்டை 8 மண்டலமாகப் பிரித்தார்கள். ஒரே மண்டலத்துக்குள் போய் வர பாஸ் வேண்டாம். மண்டலம் தாண்டினால் 'இ-பாஸ்' கட்டாயம். பஸ்சும் மண்டல எல்லையோடு சரி.

திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் ஆகிய 4 மாவட்டங்களும் 3-வது மண்டலம். வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை, தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகியவை 2-வது மண்டலம்.

போளூர், திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. அங்கேதான் வந்தது வினை.

நேற்று வரை ஒரே ஜில்லா

போளூர்க்காரருக்கு வேலூர் அசலூர் அல்ல. 1989-ம் ஆண்டு வரை இரண்டும் ஒரே வட ஆற்காடு ஜில்லா. தலைநகரமே வேலூர்தான். கலெக்டரைப் பார்க்க வேண்டும் என்றாலும் வேலூருக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

அந்த ஆண்டு செப்டம்பரில் ஜில்லா இரண்டானது. ஆனால் மக்களின் போக்குவரத்து மாறவில்லை. பெண் எடுப்பதும் கொடுப்பதும் அங்கே. கடைக்குச் சரக்கு எடுப்பதும் அங்கே. பெரிய வியாதி என்றால் சி.எம்.சி. ஆஸ்பத்திரியும் அங்கே. அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியும் அங்கே.

சந்தவாசல், கண்ணமங்கலம் தாண்டினால் மாவட்ட எல்லை வந்துவிடும். மலையிலும் இதே கதைதான். ஜமுனாமரத்தூரில் இருந்து ஆலங்காயம் போகிற ரோடு திருப்பத்தூர் மாவட்டத்துக்குள் போகிறது. ஜவ்வாது மலை ஒன்று, மண்டலம் இரண்டு!

"பாஸ் இருக்கா?"

பாஸ் வாங்கக் காரணம் சொல்ல வேண்டும். கல்யாணம், நெருங்கிய சொந்தத்தில் சாவு, அவசர வைத்தியம் ஆகியவைதான் முக்கியமாக ஏற்கப்பட்டன. கல்யாணம் என்றால் பத்திரிகை. வைத்தியம் என்றால் ஆஸ்பத்திரிச் சீட்டு. எல்லாவற்றையும் படம் எடுத்து இன்டர்நெட்டில் ஏற்ற வேண்டும்.

கையில் பட்டன் போன் வைத்திருக்கும் மலைக்கிராமத்துப் பெரியவர் இதை எப்படிச் செய்வார்? யாராவது ஒரு பையனைத் தேடிப் பிடிக்க வேண்டும். சாவு வீட்டில் உடம்பை எடுக்கும் நேரம் பாசுக்காகக் காத்திருக்குமா?

ஜூன் 25-ந் தேதி விதி இன்னும் இறுகியது. மண்டலக் கணக்கு போய், மாவட்டம் விட்டு மாவட்டம் போகவே பாஸ் என்று ஆனது. இப்போது கடலூருக்கும் பாஸ்!

பாஸ் கிடைக்காத இடத்தில் புரோக்கர் முளைத்தார். காசு வாங்கிக்கொண்டு பாஸ் கொடுத்த விவகாரத்தில் சென்னையில் போலீசார் பலரைக் கைது செய்தார்கள்.

ஆகஸ்டு 17-ந் தேதி முதல், ஆதார் எண்ணும் போன் நம்பரும் கொடுத்தால் உடனே பாஸ் என்று அரசு அறிவித்தது. மாநிலத்துக்குள் போக்குவரத்தைத் தடுக்கக் கூடாது என்று மத்திய உள்துறையும் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. செப்டம்பர் 1-ந் தேதி மாவட்டங்களுக்கு இடையிலான பாஸ் ஒழிந்தது. 2021 மே மாதம் இரண்டாவது அலையில் 'இ-பதிவு' என்ற பெயரில் மறுபடி தலைகாட்டியது.

ரோட்டில் சுவர்

வேலூர் மாவட்டத்தின் மறுபக்கத்தில் நடந்தது இன்னும் வினோதம். 2020 ஏப்ரல் கடைசியில், ஆந்திராவுக்குப் போகும் ரோட்டில் இரண்டு இடங்களில் குறுக்கே கல் வைத்துச் சுவரே எழுப்பிவிட்டார்கள். ஒன்று குடியாத்தம் பக்கம். இன்னொன்று பொன்னை பக்கம். ஆம்புலன்ஸ் எப்படிப் போகும் என்று எதிர்ப்பு கிளம்பியது. ஓரிரு நாளில் சுவர் இடிக்கப்பட்டது.

"எந்த ஊசி போட்டீங்க?"

மாவட்டம் தாண்டவே இந்தப் பாடு என்றால், கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்கள் பாடு எப்படி இருந்திருக்கும்?

லீவில் ஊருக்கு வந்து மாட்டிக்கொண்ட ஒரு வளைகுடா தொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-ல் அவர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறார். அன்றைக்கு என்ன ஊசி வந்திருக்கிறதோ அதைப் போட்டுக்கொள்கிறார். அது கோவிஷீல்டு என்றால் தப்பித்தார். சவூதி அரேபியா ஏற்றுக்கொண்ட 'அஸ்ட்ராஜெனிகா' ஊசியின் இந்தியத் தயாரிப்புதான் அது. கோவாக்சின் என்றால் சிக்கல். உலக சுகாதார நிறுவனம் கோவாக்சினுக்கு அனுமதி தந்ததே 2021 நவம்பர் 3-ந் தேதிதான். அதுவரை பல நாடுகள் அதை ஊசிக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

கோவிஷீல்டு போட்டவருக்கும் இன்னொரு முட்டுக்கட்டை இருந்தது. இரண்டாவது ஊசிக்கு 84 நாள் காத்திருக்க வேண்டும். விசா காத்திருக்குமா? கூக்குரல் எழுந்தபிறகு 2021 ஜூனில், வெளிநாட்டு வேலைக்கும் படிப்புக்கும் போகிறவர்களுக்கு அதை 28 நாளாகக் குறைத்தார்கள். சர்ட்டிபிகேட்டில் பாஸ்போர்ட் நம்பரைச் சேர்க்கவும் வழி செய்தார்கள். சர்ட்டிபிகேட்டில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்று இருந்தால் அதையும் திருத்தியாக வேண்டும்.

துபாய் போனவர்களுக்கு அந்த ஆண்டு இரண்டு சோதனை. 48 மணி நேரத்துக்குள் எடுத்த பி.சி.ஆர். ஒன்று. விமானம் ஏறும் முன்பு விமான நிலையத்திலேயே இன்னொன்று. அதில் 'பாசிட்டிவ்' வந்தால் டிக்கெட் காசும் போச்சு, பயணமும் போச்சு.

போய்த் திரும்பி வந்த விதி

இந்தியாவுக்கு வருகிறவர்கள் நிரப்ப வேண்டிய 'ஏர் சுவிதா' படிவம் 2022 நவம்பர் 22-ந் தேதி நீக்கப்பட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டது 40 நாள்தான். சீனாவில் கொரோனா பரவியதால், 2023 ஜனவரி 1 முதல் சிங்கப்பூர் உள்பட 6 நாடுகளில் இருந்து வந்தவர்களுக்கு மறுபடி படிவம், மறுபடி சோதனை. பிப்ரவரியில்தான் அது ஓய்ந்தது. கொரோனா அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2023 மே 5-ந் தேதி.

இப்போதும் ஓர் ஊசி

கொரோனா சர்ட்டிபிகேட் போய்விட்டாலும், ஊசிக் கார்டு அடியோடு ஒழிந்துவிடவில்லை. அந்தக் காலத்தில் பெரியம்மைக் கார்டு இல்லாமல் வெளிநாடு போக முடியாது. 1980-ல் பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்த பிறகு அது போனது. மஞ்சள் காய்ச்சல் கார்டு இன்றும் இருக்கிறது.

ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் பல நாடுகளுக்குப் போகிறவர்கள் இந்த ஊசி போட வேண்டும். போட்டு 10 நாள் கழித்துத்தான் கார்டு செல்லும். பிறகு ஆயுள் முழுவதும் செல்லும். அந்த நோய் உள்ள நாட்டில் இருந்து கார்டு இல்லாமல் இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள். அரசு அனுமதித்த மையங்களில் மட்டுமே இதைப் போடுவார்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அவற்றில் ஒன்று.

ஆகவே, ஏஜெண்டு சொன்னார் என்று முதலில் டிக்கெட் வாங்கிவிட்டு, பிறகு ஊசிக்கு அலைவது கூடாது. போகிற நாட்டின் தூதரகம் என்ன கேட்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். டிக்கெட் வாங்கிய அன்று ஒரு தடவை, புறப்படுவதற்கு முன்பு ஒரு தடவை. விதி மாறினால் நஷ்டம் ஏஜெண்டுக்கு அல்ல; கடன் வாங்கிப் புறப்பட்டவருக்குத்தான்.

போளூர் பஸ் நிலையத்தில் வேலூர் பஸ் இப்போது வழக்கம்போல் புறப்படுகிறது. கண்ணமங்கலம் தாண்டியும் யாரும் எதுவும் கேட்பதில்லை. டிக்கெட் எடுத்தால் போதும்.