கெண்டைக்கால் காயமும் ஒட்டுப்பட்டையும்

முழங்காலுக்குக் கீழே, காலின் பின்புறம் திரண்டு நிற்கும் தசையைக் கெண்டைக்கால் என்றும் ஆடுசதை என்றும் வழங்குகிறோம். நடுவே பருத்து இருமுனையும் ஒடுங்கும் கெண்டைமீனின் தோற்றம் கருதி இப்பெயர் அமைந்தது போலும். கிரேக்கர் இதனைக் காலின் வயிறு என்றனர்; மருத்துவ நூல்களில் காணும் காஸ்ட்ராக்னீமியஸ் என்னும் பெயர் அதன் வழி வந்ததே. பெயர்களின் அழகு ஒருபுறம் இருக்க, அத்தசை கிழிந்தவிடத்து நாம் இழைக்கும் பிழைகளே இங்கு நாம் கருதும் பொருளாகும்.

இத்தசை முழங்கால் மூட்டு, கணுக்கால் மூட்டு என்னும் இரண்டையும் கடந்து, கீழே குதிநாணாகித் குதிகால் எலும்பில் சென்று முடிகிறது. முழங்கால் நீண்டு நிற்கையில் பாதம் திடீரென மேல்நோக்கி வளையுமாயின், தசை இரு முனையிலும் ஒருங்கே இழுபட்டு, பெரும்பாலும் உட்புறத்தில் கிழிகிறது. பின்னாலிருந்து எவரோ கல்லெறிந்தாற் போன்றிருந்தது என்பர் காயமுற்றோர். கபடிக் களத்து மாணவருக்கு மட்டுமன்று, பேருந்தைப் பிடிக்க ஓடும் நடுவயதினருக்கும் இது நேர்வதுண்டு.

உடனே எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது நம்மவர் வழக்கம். அன்பினால் செய்வதே எனினும், அது தீங்கு தருவது. கிழிந்த இழைகளினின்று குருதி கசியும் முதல் 2, 3 நாள்களில் உருவுதலும் வெந்நீர் ஒற்றடமும் கசிவை மிகுவிக்கும். ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்னும் நால்வகை முறையை 1978இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கின் வகுத்தார். பனிக்கட்டி குணமாதலைத் தாமதப்படுத்தலாம் எனப் பிற்காலத்தில் அவரே தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். ஆதலின் வலி தணியும் அளவிற்கு, துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஒருமுறைக்கு 15 நிமிடம் வைத்தல் போதுமானது.

இனி, டேப் எனப்படும் ஒட்டுப்பட்டை. இது கிழிவைத் தைப்பதன்று. பாதம் மேல்நோக்கி வளைவதைத் தடுத்துத் தசையின் இழுவிசையைக் குறைப்பது. காயமுற்றவர் குப்புறப் படுத்துப் பாதத்தைக் கட்டிலின் விளிம்பிற்கு வெளியே தொங்கவிட வேண்டும். விரல்நுனி சற்றே கீழ்நோக்கிய நிலையில், உள்ளங்காலில் தொடங்கிக் குதிகால் வழியே கெண்டைக்காலின் மேல்வரை பட்டைகளை ஒட்டுவர். தோல் உலர்ந்திருத்தல் வேண்டும். மயிர் மழித்திருப்பின் நன்று. காலைச் சுற்றி இறுக்கமாக ஒட்டலாகாது. விரல்கள் குளிர்ந்தாலோ, நீலம் பாரித்தாலோ, மரத்தாலோ உடனே அகற்றுக. முதன்முறை இயன்முறை மருத்துவரின் கையால் ஒட்டிக்கொள்வதே தக்கது.

பட்டை ஒட்டியதும் வலி குறையும். இடர் அங்கேதான் தொடங்குகிறது. வலி குறைந்தமையைக் குணமாயிற்று எனக் கொண்டு மறுநாளே களம் புகும் மாணவமணிகளை நாம் அறிவோம். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கெவின் டுராண்ட் 2019 மே 8 அன்று வலக் கெண்டைக்காலில் காயமுற்றார். ஒரு மாதத்திற்குப் பின், ஜூன் 10 அன்று இறுதிச் சுற்றின் ஐந்தாம் ஆட்டத்தில் இறங்கினார். இரண்டாம் காற்பகுதியிலேயே அதே காலின் குதிநாண் அறுந்தது. அடுத்த பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. முந்தைய காயமே காரணம் என அறுதியிட்டுரைக்க இயலாது. எனினும், தேர்ந்த மருத்துவர் சூழ்ந்திருந்த வீரருக்கே இவ்வாறாயின், கல்லூரி விளையாட்டு விழாவிற்காக அவசரப்படுவது எதற்கு? சிறு கிழிவு 1 முதல் 3 வாரங்களில் ஆறும். பெருங்கிழிவிற்கு மாதங்கள் வேண்டும்.

ஓய்வு என்பது படுக்கையிலேயே கிடத்தலும் அன்று. முதல் சில நாள் கழிந்தபின் வலியின்றி நடந்து, பின் இரு காலால் குதி உயர்த்தி, பின் காயமுற்ற ஒற்றைக் காலால் மற்றக் காலுக்கு நிகராக உயர்த்த இயன்ற பின்னரே ஓடுதல் வேண்டும்.

தொழுகையைக் குறித்தும் வினவுவர். நின்று தொழ இயலாதார் அமர்ந்து தொழும் சலுகை மார்க்கத்தில் உண்டு. வலியைப் பொறுத்துக்கொண்டு இருப்பில் காலை மடக்குதல் தேவையன்று. கெண்டைக்காலில் மட்டும் உள்ள பட்டை ஒளுவுக்குத் தடையாகாது. குதிகாலையும் பாதத்தையும் மூடியிருப்பின், அதனை அகற்றுவதால் தீங்கு நேரும் நிலையில் மேலே ஈரக்கையால் மஸஹ் செய்யும் முறை உண்டு. தத்தம் மத்ஹபின்படி ஆலிம்களிடம் கேட்டறிக.

முதியோர் ஒன்றைக் குறித்துக்கொள்ளல் நலம். அடிபடாமலும் இழுபடாமலும் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, வெதுவெதுப்பாகி வலித்தால் அது தசைக்கிழிவாக இராது. ஆழ்சிரையில் குருதி உறைந்ததாகலாம். நீண்ட பயணத்திற்குப் பின்னரும், பலநாள் படுக்கைக்குப் பின்னரும் இது நேரக்கூடும். அந்நிலையில் பட்டை ஒட்டுவதோ உருவுவதோ கூடாது. அன்றே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். மூச்சுத் திணறலும் சேருமாயின், ஒரு நொடியும் தாழ்த்தாது மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.