கணவாய்க்கு எந்தத் தூண்டில்?

1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்கள் பல கடற்கரையை அண்டி வாழ நேர்ந்தது. வெங்காயமும் புகையிலையும் செய்த கைகளுக்குக் கடற்றொழில் புதிது. வலைக்கும் படகுக்கும் பெருமுதல் வேண்டும். கணவாய்த் தூண்டிலுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. ஆனால் விபரம் தெரியாமல் வாங்கினால் அந்தச் சிறுமுதலும் வீணே.

நாம் சந்தித்த ஒருவர் பளபளப்பைக் கண்டு ஈயத் தூண்டில் வாங்கி, மூன்று இரவுகள் வெறுங்கையுடன் திரும்பினார். குற்றம் கடலில் இல்லை. புல்லுச் செருக்க உளவாரம், வரம்பு கட்ட மண்வெட்டி என்பதுபோல இங்கும் வேலைக்கேற்ற கருவி உண்டு. இரை குத்தாமல், மேலும் கீழும் ஆட்டிப் பிடிக்கும் இத்தூண்டில்களை 'ஜிக்' என்பர். இவற்றுள் மூன்று வகைகளை அறிந்திருத்தல் நன்று.

1. ஈய ஜிக்: மீன் வடிவில் வார்த்த ஈயத்தில் பெரிய முள் பூட்டியது. முள்ளிலே எதிர்முள் உண்டு. விரைவாக இழுக்கும்போது பாரை, சீலா, அறக்குளா போன்றவை துரத்திக் கவ்வும். இது கணவாய்க்கு உரியதல்ல.

2. இறால் ஜிக்: இறால் வடிவான உடலில் துணி சுற்றி, கழுத்தின் கீழே ஈயம் வைத்தது. வாலில் எதிர்முள் இல்லாத ஊசிகள் கிரீடம்போல மேல்நோக்கி நிற்கும். சுண்டி உயர்த்தி, மெதுவாக அமிழ விடவேண்டும். அமிழும்போதே கணவாய் பெரும்பாலும் பிடிக்கும். சாதாழைத் தரையிலும் கற்பாறை ஓரத்திலும் ஓட்டுக்கணவாய், ஊசிக்கணவாய் இரண்டுக்கும் ஏற்றது. 3 என்று குறித்தது சுமார் 9 சென்ரிமீற்றர் நீளமானது.

3. கதிர் ஜிக்: ஒடுங்கிய பிளாஸ்ரிக் உடல், அடியில் ஊசிக் கிரீடம். ஒரே தங்கூசியில் பலவற்றைத் தொடுத்து, கடைசியில் ஈயம் கட்டுவர். இரவில் ஆழத்தில் ஊசிக்கணவாய்க் கூட்டத்துக்கு உகந்தது.

கணவாய் மீனைப்போல முள்ளை விழுங்குவதில்லை; கைகளால் இரையைத் தழுவிப் பிடிக்கும். அப்போது ஊசிகள் அதன் மென்தசையில் ஏறும். எதிர்முள் இல்லாததால் தங்கூசி சற்றுத் தளர்ந்தாலும் கழன்றுவிடும். வெடுக்கென இழுத்தால் கை அறுந்துபோகும். ஆகவே ஒரே சீராக, தளரவிடாது இழுங்கள். மேலே வந்ததும் ஜிக்கைத் தலைகீழாகப் பிடித்தால் தானாக விழும்.

தொழிலில் இறங்கமுன் அவ்வூர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தைக் கேளுங்கள். அது அவர்களுடைய வயல். ஒளி பாய்ச்சிப் பிடிப்பதற்குக் கட்டுப்பாடுகளும் உண்டு. சாதாழையிலும் கயிற்றிலும் ஒட்டியிருக்கும் கணவாய் முட்டைக் கொத்துகளைப் பிடுங்காதீர்கள். விதைநெல்லைக் குற்றிச் சமைப்பவன் கமக்காரனல்லன் என்பதை நாம் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.