நம் வீட்டுக் குப்பை எங்கே போகிறது?

காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் விசில் சத்தம் கேட்டதும் நம் இல்லங்களில் நடக்கும் அமளியை யாவரும் அறிவர். "வண்டி போய்விடப் போகிறது!" என்று அம்மா கூவ, பின்னல் பாதியில் நிற்க, வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவது பெரும்பாலும் நாங்கள்தான். வாளி காலியானதும் கடமை முடிந்தது என்று உள்ளே வந்துவிடுவோம். அந்தக் குப்பை பிறகு எங்கே போகிறது என்று எங்களில் எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

அறிவியல் வகுப்பில் மக்கும் குப்பை, மக்காத குப்பை பற்றிப் பாடம் நடந்தபோது ஒருத்தி எழுந்து, "பிரித்துக் கொடுத்து என்ன பயன், சிஸ்டர்? வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?" என்று கேட்டாள். வகுப்பே ஆமோதித்தது. "வண்டியோடு வருபவரையே கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்" என்றார் சிஸ்டர். அவ்வாறே ஒரு சனிக்கிழமை, செங்கற்பட்டில் ஒரே தெருவில் வசிக்கும் நாங்கள் ஐவரும் அந்தத் தூய்மைப் பணியாளர் அக்காவுக்காகக் காத்திருந்தோம்.

அவருடைய பேட்டரி வண்டியில் பச்சை டப்பாக்களும் நீல டப்பாக்களும் இருந்தன. பச்சை மக்கும் குப்பைக்கு, நீலம் மக்காத குப்பைக்கு. "பிரிச்சுக் கொடுத்தா அதுல அதுல போட்டுடுவேன். கலந்து கொடுத்தா நான்தான் கையை விட்டுப் பிரிக்கணும், பாப்பா. நேரமில்லேன்னா அப்படியே கொட்டிக்கிட்டுப் போக வேண்டியதுதான்" என்றார். ஒன்றாகக் கொட்டுகிறார்கள் என்று நாங்கள் குறை சொன்னதற்கு வேர் எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. கையுறையைக் கழற்றி உள்ளங்கையைக் காட்டினார். நீளமான தழும்பு. மிச்சச் சோற்றோடு இலையில் சுற்றிப் போட்ட சவர பிளேடு கிழித்ததாம். எந்த வீடு என்று அவர் சொல்லவில்லை. இந்தத் தெருதான் என்றார். எங்கள் ஐவர் வீட்டிலும் சவரம் செய்துகொள்ளும் அப்பா இருக்கிறார்.

"எங்கள் காலத்தில் குப்பையே கிடையாது" என்பார் எங்களில் ஒருத்தியின் பாட்டி. இது முழு உண்மையன்று. அன்றைய குப்பை மக்கிவிடும் குப்பை, அவ்வளவுதான். காய்கறித் தோலும் சாணமும் சாம்பலும் கொல்லையில் எருக்குழிக்குப் போயின. பழைய இரும்புக்கும் ஈயத்துக்கும் பேரீச்சம்பழம் கொடுப்பவர் வாசலுக்கே வந்தார். இன்றும் செய்தித்தாளும் புட்டியும் பழைய பேப்பர் கடைக்கும் காயலான் கடைக்கும் போகின்றன. மறுசுழற்சி என்னும் பெரிய சொல்லைக் கேள்விப்படாமலே நம் தாய்மார்கள் அதைச் செய்துவந்திருக்கிறார்கள். எடைக்கு விலை கிடைக்காத பொருள்கள் வந்த பிறகே தொல்லை பெருகியது. பிஸ்கட் உறை, ஷாம்பு பாக்கெட், தெர்மோகோல் ஆகியவற்றைக் காயலான் கடைக்காரரும் வாங்க மாட்டார்.

குப்பையைப் பிரிக்கச் சொல்வது புதிய சட்டமும் அன்று. 1883-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் யூஜீன் புபெல் என்னும் உயர் அதிகாரி, மூடியிட்ட தொட்டிகள் வைக்குமாறு வீட்டு உரிமையாளர்களுக்கு ஆணையிட்டார். அழுகும் பொருளுக்கு ஒன்று, காகிதத்துக்கும் துணிக்கும் ஒன்று, பீங்கான், கண்ணாடி, சிப்பிகளுக்கு ஒன்று என மூன்று வகை! கந்தை பொறுக்கிப் பிழைத்தவர்கள் தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று எதிர்த்தார்கள். அங்கே தொட்டி நிலைத்தது. பிரிக்கும் பழக்கம் நிலைக்கவில்லை. இன்றும் பிரெஞ்சு மொழியில் குப்பைத்தொட்டிக்குப் பெயர் 'புபெல்' என்பதே. பாவம், அந்த அதிகாரி!

நம் பக்கத்தில் 1989-இல் சென்னையில் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கம், தெருவாசிகளே ஒன்றுகூடி வீட்டுக்கு வீடு வண்டி வைத்துக் குப்பை எடுக்கும் முறையைப் பரப்பியது. 2016-இல் மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயமான வீட்டுக் குப்பை என மூன்றாகப் பிரித்துக் கொடுப்பதை ஒவ்வொரு வீட்டாரின் பொறுப்பாக்கின. 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்கள் தடைசெய்யப்பட்டன. 2021 டிசம்பரில் மஞ்சப்பை மீண்டும் வந்தது.

சரி, வண்டி எங்கே போகிறது? பச்சை டப்பா நுண்ணுரக் கூடத்துக்குப் போகிறது. அங்கே கழிவைச் சிறிதாக நறுக்கித் தொட்டிகளில் நிரப்பி, சாணக் கரைசல் போன்றவற்றைத் தெளித்து, அவ்வப்போது கிளறி விடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் உண்ணும் வேகத்தில் குவியலின் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறும். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் மண்வாசனையுள்ள உரம் கிடைக்கும். பால் கவர் துண்டுகளும் கண்ணாடிச் சில்லும் கலந்திருந்தால் எந்த விவசாயி அதை வாங்குவார்? கலந்த குப்பை மேடாகக் குவிந்தால் இன்னும் ஆபத்து. காற்றுப் புகாத அடியில் அழுகும்போது மீத்தேன் என்னும் எரிவாயு உண்டாகிறது. 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பிடித்துப் பல நாட்கள் புகைந்தது.

நீல டப்பாவில் உள்ளதை மீண்டும் தரம் பிரித்து, விற்கக்கூடியதை விற்கிறார்கள். எதற்கும் உதவாத பிளாஸ்டிக்கைச் சிமெண்ட் ஆலை உலைகளில் எரிபொருளாக்குகிறார்கள். மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், சூடான ஜல்லியின் மீது பிளாஸ்டிக் துகள்களை உருக்கிப் பூசி, அதன்மேல் தார் கலந்து சாலை போடும் வழியைக் கண்டார். அதற்காக 2018-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

வண்டிக்கே வராத குப்பைக்கும் ஒரு பயணம் உண்டு. நம் கொளவாய் ஏரிக்கரையில் வீசிய பாலிதீன் பை, ஏரி நிரம்பினால் உபரி நீரோடு நீஞ்சல் மடுவு வழியாகப் பாலாற்றுக்குப் போகும். பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. அந்தக் கடற்கரையில்தான் தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. நீரில் மிதக்கும் பாலிதீன் பை, ஆமையின் கண்ணுக்குச் சொறி மீனாகத் தெரியுமாம்! விழுங்கினால் அதன் குடல் அடைத்துக்கொள்ளும்.

மாமல்லபுரத்துக்கு நாங்கள் சுற்றுலா சென்றபோது இதையெல்லாம் அறியாமல் ஐஸ்கிரீம் கப்புகளை மணலில் விட்டு வந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்கும் அவ்வூரில், வருகிறவர் போடும் குப்பையை இருப்பவர்தாம் அள்ள வேண்டியிருக்கிறது. 2019 அக்டோபரில் சீன அதிபர் வந்தபோது நம் பிரதமர் அக்கடற்கரையில் குப்பை பொறுக்கியதை நாடே பார்த்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே 'ஹேண்ட் இன் ஹேண்ட்' என்னும் தொண்டு நிறுவனம் அங்கே வீடுதோறும் குப்பையைப் பிரித்து வாங்கி உரமாக்கி, உணவுக் கழிவிலிருந்து எரிவாயுவும் எடுத்துக் காட்டியது. அதைப் படம்பிடிக்க யாரும் கூடவில்லை.

இப்போது எங்கள் ஐவர் வீட்டிலும் இரண்டு வாளிகள் இருக்கின்றன. தீர்ந்த பேட்டரியும் காலாவதியான மாத்திரையும் ஒரு பழைய பிஸ்கட் டின்னில். உடைந்த குழல் விளக்கைத் தனியே அட்டையில் சுற்றி, வாயால் சொல்லிக் கொடுக்கிறோம். அதில் பாதரசம் உண்டு. எழுதக் கூச்சமாக இருந்தாலும் இன்னொன்றையும் எழுதிவிடுகிறோம். மாதந்தோறும் நாம் பயன்படுத்தும் நாப்கின்களைச் செய்தித்தாளில் நன்றாகச் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஓர் அடையாளமிட்டுத் தனியே தர வேண்டும். அவிழ்த்துப் பார்த்துப் பிரிக்கும் நிலை இன்னொரு பெண்ணுக்கு வரலாகாது.

பாட்டிக்கு மட்டும் வாளி இன்னும் மாறிப் போகிறது. எலுமிச்சைத் தோலை நீலத்திலிருந்து எடுத்துப் பச்சையில் போடுவது பேத்தியின் அன்றாட வேலை. பிளேடுகளுக்காக ஆளுக்கொரு காலிப் பவுடர் டப்பாவை வாங்கி வந்து, மூடியில் கீறல் போட்டு, அப்பாக்களின் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறோம். நிரம்பியதும் மூடியை ஒட்டி அக்காவின் கையில் கொடுப்பதாக ஏற்பாடு. டப்பாக்கள் இன்னும் கால் பங்குகூட நிரம்பவில்லை.