சபாஷ் போடுமுன் சற்று யோசியுங்கள்!

சங்கரன்கோவில் தல வரலாறே ஒரு வழக்கின் கதைதான். சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். ஒருவனுக்குச் சிவனே பெரியவர். மற்றவனுக்குத் திருமாலே பெரியவர். சண்டை முற்றி, அம்பிகையிடம் வந்தார்கள். கோமதி அம்மன் தவமிருந்தாள். வலப்பாதி சிவனாகவும் இடப்பாதி திருமாலாகவும் சங்கரநாராயணர் காட்சி கொடுத்தார். வழக்குத் தீர்ந்தது; இரண்டு கட்சிக்கும் தோல்வி இல்லை! அந்தக் காட்சியைத்தான் ஆண்டுதோறும் ஆடித் தபசாகக் கொண்டாடுகிறார்கள்.

ஆனால் இந்த வட்டாரத்தில் ஒவ்வொரு கோவில் கொடை முடிந்ததும் வேறொரு வழக்கு எழும். அது அவ்வளவு சுலபத்தில் தீராது. "நேற்று ராத்திரி எந்த செட்டு நன்றாக ஆடியது?" என்பதே அந்த வழக்கு. டீக்கடை பெஞ்சிலே விசாரணை. தீர்ப்புச் சொல்பவர்கள் வரி கொடுத்த ஊர் ஜனங்கள். தீர்ப்பினால் வாழ்வதும் தாழ்வதும் கரகாட்டக்காரர்களும் நையாண்டி மேளக்காரர்களும்.

விளையாட்டுப் பேச்சல்ல இது. பங்குனி தொடங்கி ஆடி வரையிலான சில மாதங்களில் சம்பாதிப்பதைக் கொண்டுதான் அந்தக் குடும்பங்கள் வருஷம் முழுவதும் அடுப்பு மூட்டவேண்டும். "அந்த செட்டு சரியில்லை" என்று ஓர் ஊர் சொன்னால் பக்கத்து ஊரும் அச்சாரம் கொடுக்கத் தயங்கும். அரை நிமிஷத்தில் சொல்லும் வார்த்தை. ஒரு வருஷத்துச் சாப்பாடு!

திங்கட்கிழமைத் தீர்ப்பு

பல வித்தைகளை ஒரே மேடையில் காட்டி, அதற்கு மதிப்புப் போடும் வழக்கம் கடல் கடந்தும் இருந்தது. அமெரிக்காவில் 'வாடவில்' என்று ஒரு வகைக் கொட்டகை. பாட்டு, நடனம், கழைக்கூத்து, ஹாஸ்யம், நாய் வித்தை எல்லாம் ஒரே டிக்கெட்டில்! கீத் என்ற முதலாளிக்கு ஊர் ஊராய் இப்படிக் கொட்டகைகள் இருந்தன.

திங்கட்கிழமை முதல் காட்சி முடிந்ததும் கொட்டகை மானேஜர் பேனாவை எடுப்பார். இன்ன ஆட்டம் எத்தனை நிமிஷம், ஜனங்கள் கை தட்டினார்களா, கொட்டாவி விட்டார்களா என்று ஒவ்வொன்றாக எழுதித் தலைமை ஆபீசுக்கு அனுப்புவார். அது மற்ற ஊர் மானேஜர்களுக்கும் போகும். கொச்சையான பேச்சு இருந்தால் வெட்டச் சொல்லி உத்தரவு வரும். அந்த அறிக்கைப் புத்தகங்கள் ஐயோவா பல்கலைக்கழகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

அந்த மானேஜர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். ஆட்டம் எப்படி என்று மட்டும் அவர்கள் பார்க்கவில்லை. எந்த நேரத்தில் நடந்தது என்றும் பார்த்தார்கள். ஜனங்கள் தட்டுத் தடுமாறி நாற்காலி தேடும் வேளையில் முதல் ஆட்டக்காரன் வருகிறான். அவனுக்குக் கைதட்டல் குறைந்தால் அது அவன் குற்றமா?

நம்மூர் ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் முதலில் வருவதும் இதே காரணத்தால்தான். கூட்டத்தைச் சேர்த்து உட்கார வைப்பது அவன் பொறுப்பு. ராஜபார்ட் வரும்போது கொட்டகை நிறைந்திருக்கிறதென்றால், அதில் பாதிப் புகழ் பபூனுக்குச் சேரவேண்டும். எத்தனை பேர் கொடுக்கிறோம்?

கொக்கியும் கைதட்டலும்

நியூயார்க் நகரத்தில் புது ஆட்டக்காரர்களுக்கென்றே சில இரவுகளை ஒதுக்கினார்கள். பௌரி வீதியில் மைனர் என்பவருடைய கொட்டகையில் ஆட்டம் பிடிக்காவிட்டால் ஜனங்கள் கூச்சல் போடுவார்கள். உடனே திரை மறைவிலிருந்து ஒரு நீளமான கொக்கி வரும். ஆடுகிறவனைக் கழுத்தோடு சேர்த்து உள்ளே இழுத்துவிடும்! சிரிப்புக்குப் பஞ்சமில்லை. இழுபட்டவன் மனம் என்ன பாடுபட்டிருக்கும்?

ஜனங்களின் தீர்ப்பு வாழ வைத்ததும் உண்டு. 1934-ல் அப்போலோ கொட்டகை மேடையில் 17 வயதுப் பெண் ஒருத்தி ஏறினாள். நடனம் ஆடத்தான் வந்தாள். தனக்கு முன்னால் ஆடிய சகோதரிகளைப் பார்த்ததும் பயந்து, நடனத்தை விட்டுப் பாடத் தொடங்கினாள். அன்று முதல் பரிசு அவளுக்கே. அவள்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட்.

செங்கோட்டைச் சிங்கம்

அவ்வளவு தூரம் போவானேன்? சங்கரன்கோவில் இருக்கும் இதே தென்காசி மாவட்டத்தில்தான் செங்கோட்டை இருக்கிறது. அங்கே 1906-ல் பிறந்தவர் எஸ். ஜி. கிட்டப்பா. சிறு பிள்ளையாக மேடை ஏறியவர். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரன் காதிலும் கணீரென்று விழும் சாரீரம்.

1926-ல் இலங்கையில் கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் சேர்ந்து நடித்தார்கள். சுந்தராம்பாளோ ஏற்கெனவே பெயர் பெற்ற பாடகி. இருவரில் யார் யாரை மிஞ்சுவார் என்பதே பேச்சு. நடுவர் நாற்காலி எதுவும் போடவில்லை. மதிப்பெண் தாளும் கிடையாது. 'ஒன்ஸ் மோர்' என்ற கூச்சல்தான் மதிப்பெண். கேட்டவர்களுக்கு இரண்டு பாட்டும் வேண்டியிருந்தது. ஒருவர் ஜெயிக்க மற்றவர் தோற்கவேண்டிய அவசியமே ஏற்படவில்லை. கிட்டப்பா 1933-ல், 27 வயதில் காலமானார். அந்த ஜோடியின் புகழ் இன்னும் காலமாகவில்லை.

எதைப் பார்த்து மார்க்குப் போடுவது?

கரகாட்டம் இரண்டு வகை. கோவிலில் வேண்டுதலுக்காக எடுப்பது சக்திக் கரகம். ஜனங்கள் பார்த்து மகிழ ஆடுவது ஆட்டக் கரகம். வழக்குக்கு வருவது இரண்டாவதுதான்.

முதலில் கழுத்தைப் பாருங்கள். கால் எவ்வளவு வேகமாகப் போனாலும் தலைமேல் குடம் அசையக்கூடாது. கை குடத்தைத் தொடக்கூடாது. ஏணிமேல் ஏறுவதும், குனிந்து தரையில் கிடக்கும் ஊசியைக் கண் இமையால் எடுப்பதும் வருஷக்கணக்கான சாதகத்தால் வருபவை.

அடுத்தபடியாகத் தவிலைக் கேளுங்கள். தவில்காரர் தீர்மானம் வைக்கும் இடத்தில் ஆடுகிறவரின் பாதமும் வந்து விழவேண்டும். முன்னும் பின்னும் போனால் பழக்கம் போதாது என்று அர்த்தம். சரியாக விழுந்தால் சபாஷ் போடுங்கள். தவில்காரருக்கும் சேர்த்துப் போடுங்கள்!

மூன்றாவதாக மணியைப் பாருங்கள். இரண்டு மணி நேரம் ஆடிக் களைத்தவரையும் இப்போதுதான் இறங்கியவரையும் ஒரே தராசில் நிறுத்தலாமா?

ரூபாய் நோட்டு நடுவர்

இப்போது எந்த ஊரிலும் ஒரு புது நடுவர் முளைத்திருக்கிறார். கையில் ரூபாய் நோட்டு. ஆடுகிற பெண்ணின் உடையில் குத்திவிட்டு, மைக்கில் தம் பெயரைச் சொல்லச் செய்கிறார். குடம் ஆடியதா, நின்றதா என்பதை அவர் பார்க்கவில்லை. "இன்னும் கொஞ்சம்" என்கிறார். உடை குறைகிறது, பேச்சு இரட்டை அர்த்தமாகிறது. ஊசி எடுத்த கலைஞருக்கு ஒரு கைதட்டல். ஆபாசத்துக்கு நூறு ரூபாய்! பிறகு, "கரகாட்டம் கெட்டுவிட்டது" என்று அதே ஊர் சலித்துக்கொள்கிறது. கெடுத்தது யார்?

கோர்ட்டும் சர்க்காரும் தலையிடவேண்டி வந்ததும் இதனால்தான். ஆபாசம் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நிபந்தனைகள் விதித்திருக்கிறது. ஒரு சமூகத்தை இழிவுபடுத்துகிறது என்ற முறையீட்டால் குறவன் குறத்தி ஆட்டத்துக்கு 2023-ல் சர்க்கார் தடை போட்டது. நிபந்தனை வந்தால் போலீஸ் அனுமதி கிடைப்பது கஷ்டமாகிறது. ஒழுங்காக ஆடும் செட்டுக்கும் பிழைப்புப் போகிறது. நோட்டுக் குத்தியவருக்கோ ஒரு நஷ்டமும் இல்லை.

இதற்கு மருந்து ஊராரிடமே இருக்கிறது. அச்சாரம் கொடுக்கும்போதே இன்ன இன்ன ஆட்டம், இத்தனை மணி வரை என்று விழாக் குழுவினர் பேசி முடிக்கட்டும். அன்பளிப்பு கொடுப்பவர் குழுத் தலைவர் கையில் கொடுக்கட்டும். அவர் மேளக்காரர், ஆட்டக்காரர் எல்லோருக்கும் பொதுவாகச் சேர்க்கட்டும். கொடை முடிந்த மறுநாள், கீத் கொட்டகை மானேஜரைப்போல யாராவது ஒருவர் ஒரு நோட்டில் நாலு வரி எழுதி வைக்கட்டும். யார் கழுத்து அசையவில்லை, எந்தத் தவில் பேசியது, எந்தக் குழந்தை முதல் தடவையாகக் கரகம் எடுத்தது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அடுத்த வருஷம் அச்சாரம் கொடுக்கப் புறப்படும்போது டீக்கடைப் பேச்சை விட்டுவிட்டு அந்த நோட்டைப் புரட்டினால் போதும்.