விருந்தினர் தரும் வரி

அயல்நாடு செல்வோருக்குக் கடவுச்சீட்டும் விசாவும் வேண்டும் என்பதை நாம் அறிவோம். ஆனால் சில நாட்டினருக்கு மட்டும் விசா வேண்டாம் எனச் சலுகை தரும் நாடுகளும் உண்டு. அவ்வாறாயின், அவர்கள் கேட்பாரின்றி உள்ளே நுழைந்துவிடலாமா? நியூசிலாந்தின் நடைமுறையைக் கொண்டு இதற்கு விடை காண்போம்.

ஜப்பான், பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா முதலிய ஏறத்தாழ 60 நாடுகளின் மக்கள் விசா இன்றி அங்குச் சுற்றுலா செல்லலாம். எனினும், 2019 அக்டோபர் 1 முதல், அவர்கள் புறப்படும் முன்பே மின்னணுப் பயண அனுமதி பெற்றாக வேண்டும். கடவுச்சீட்டு விவரங்களை அனுப்பி, குற்றத் தண்டனை பெற்றதுண்டா என்பன போன்ற வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். முடிவு கிடைக்க 72 மணி நேரம் வரை ஆகலாம். அனுமதி இல்லாதவர் விமானம் ஏற இயலாது. கைக்குழந்தைக்கும் தனி அனுமதி வேண்டும். பெற்ற அனுமதி இரண்டாண்டுகள் செல்லும்.

இதற்குக் கட்டணம் இரு வகைப்படும். அனுமதிக்காகக் கைபேசிச் செயலி வழியே 17 நியூசிலாந்து டாலரும், இணையத்தளம் வழியே 23 டாலரும் பெறப்படுகின்றன. இதனுடன் பயணியர் வரி ஒன்றும் உண்டு. 2019 ஜூலையில் 35 டாலராகத் தொடங்கிய அவ்வரி, 2024 அக்டோபர் 1 முதல் 100 டாலராயிற்று. இயற்கைப் பாதுகாப்பிற்கும் சுற்றுலா வசதிகளுக்கும் உரியது இத்தொகை.

விருந்தோம்பலை அறமாகப் போற்றும் நமக்கு, விருந்தினரிடம் பணம் கேட்பது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் சற்றே சிந்திப்போம். ஏறத்தாழ 50 இலட்சம் மக்களே வாழும் அந்நாட்டிற்கு, 2019ஆம் ஆண்டில் வந்த பயணிகள் சுமார் 39 இலட்சம் பேர்! மலைப்பாதைகளைச் செப்பனிட வேண்டும். கழிப்பிடங்கள் கட்ட வேண்டும். கிவி, காக்காப்போ போன்ற பறக்க இயலாத அரிய பறவைகளைக் காக்க வேண்டும். இச்சுமை முழுவதையும் உள்ளூர் மக்களே தாங்குவது நியாயமன்று.

மறுபக்கமும் உண்டு. ஐவர் கொண்ட குடும்பத்திற்கு வரி மட்டுமே 500 டாலர் ஆகிறது. ஆஸ்திரேலியக் குடிமக்களுக்கும் பல பசிபிக் தீவினருக்கும் விலக்கு உண்டு. இந்தியராகிய நாமோ விசாவும் பெற்று, இவ்வரியையும் செலுத்த வேண்டும். கட்டணம் ஏற ஏற, எளியோர் வர இயலாமற் போவார்கள் அன்றோ?

ஆகவே, வரி கேட்பது தவறன்று. அளவும் பயனுமே முக்கியம். செலுத்தும் பணம் சொன்ன பணிக்கே செல்கிறதா எனக் கேட்கும் உரிமை விருந்தினருக்கும் உண்டு. பணம் கொடுத்துவிட்டோம் என்பதற்காகப் பிறர் மண்ணைப் பாழாக்கும் உரிமை மட்டும் எவருக்கும் இல்லை.