டீ பெல்லுக்கு முன்பே அடிக்கும் மணி

மே 31 நெருங்குகிறது. உலகப் புகையிலை எதிர்ப்பு நாளன்று வழக்கம்போல் உறுதிமொழி வாசிக்கப்படும், போட்டோ எடுக்கப்படும். அதற்குள் பதில் சொல்லியாக வேண்டிய வாசகர் கடிதங்களில் புற்றுநோய் பற்றிய கேள்வி அதிகம் இல்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் பிடிக்கிறார்கள். திருப்பூர்ப் பக்கத்துக் கடிதங்களில் இருப்பது வேறு குழப்பம். மூன்று வாரம் தொடாமல் இருந்த ஆள், ஷிப்மென்ட் நெருக்கும்போது மட்டும் ஏன் மறுபடி பெட்டிக்கடைக்குப் போகிறார்? டென்ஷனுக்கு அது மருந்தில்லை என்றால், ஒரு தம் இழுத்ததும் டென்ஷன் இறங்குவது எப்படி?

இறங்குவது உண்மைதான். எந்த டென்ஷன் இறங்குகிறது என்பதில்தான் சூட்சுமம்.

ரத்தத்தில் ஏறிய நிக்கோடின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். காலை எட்டரை ஷிப்டுக்கு முன் பேக்கரியில் டீயோடு ஒன்று பிடித்துவிட்டு வந்தவர், பதினொன்று நெருங்கும்போது ஓவர்லாக் மெஷினில் நூல் அறுந்தாலே எரிந்து விழுகிறார். சூப்பர்வைசர் சாதாரணமாகப் பேசினாலும் அதட்டுவதுபோல் கேட்கிறது. டீ பெல் அடிக்கிறது, வெளியே வருகிறார், இரண்டு இழுப்பு. உலகம் நல்லதாகிவிடுகிறது. வேலை தந்த டென்ஷனை சிகரெட் தீர்த்தது என்பது அவருடைய கணக்கு. மூளையின் கணக்குப் புத்தகத்தில் பற்று வேறு பெயரில் இருக்கிறது.

அந்தப் பெயர் சி.ஆர்.எஃப். வெறும் 41 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு துணுக்கு. 1981-ல் அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் வைலி வேல் குழுவினர் செம்மறி ஆட்டு மூளைகளிலிருந்து இதைப் பிரித்து அடையாளம் கண்டார்கள். ஆபத்து என்றதும் ஹைப்போதலாமஸிலிருந்து கிளம்பி, பிட்யூட்டரி வழியாக அட்ரினல் சுரப்பியை உசுப்பி, கார்டிசாலைச் சுரக்கவைப்பது இதன் பாடப்புத்தக வேலை. பாடப்புத்தகம் அதிகம் பேசாத இன்னொரு பணியிடமும் உண்டு: அமிக்டலா. அங்கே இது கிளப்புவது பதைப்பு, பயம், காரணமில்லாத கடுகடுப்பு.

நிக்கோடின் தினமும் பத்துப் பதினைந்து முறை டோபமைனைத் தூக்கிவிடும்போது, மூளை தராசின் மறுதட்டில் எடை வைத்துச் சமன் செய்கிறது. புகை இறங்கியதும் இந்தப் பக்கம் காலி. மறுதட்டின் எடை மட்டும் கிடக்கிறது. போதைப் பழக்கத்தின் இருண்ட பக்கம் என்று நரம்பியலாளர் ஜார்ஜ் கூப் குறிப்பிடுவது இதைத்தான். அவரும் ஒலிவியே ஜார்ஜும் சேர்ந்த குழு 2007-ல் வெளியிட்ட ஆய்வில், நிக்கோடினுக்குப் பழகிய எலிகளுக்கு அதை நிறுத்தியதும் அமிக்டலாவின் மையப் பகுதியில் சி.ஆர்.எஃப். ஏறியது. அது போய் ஒட்டும் ஏற்பியை மருந்தால் அடைத்தார்கள். பதைப்பு தணிந்தது, இடைவெளிக்குப் பிறகு நிக்கோடினை அள்ளிக்கொள்ளும் வேகமும் குறைந்தது.

வட்டிக்கு வாங்கிப் பழகிய ஊருக்கு இதை விளக்குவது சுலபம். எட்டேகால் மணிக்கு வாங்கிய கைமாற்றுக்குப் பதினொரு மணிக்கு வட்டி கட்டுகிறார், அதுவும் புதுக்கடன் வாங்கி.

உடல் படுத்தும் பாடு முதல் சில நாட்களில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு வாரங்களில் பெரிதும் அடங்கிவிடும். பிறகும் ஏன் விழுகிறார்கள்? நெம்புகோலை அழுத்தியும் நிக்கோடின் கிடைக்காமல் அதை மறந்தே போன எலிகள், காலில் லேசான மின்னதிர்ச்சி பட்டதும் மறுபடி அதை அழுத்தப் போகின்றன. மனிதர்களிடம், யேல் பல்கலைக்கழகத்தின் ஷெர்ரி மெக்கீ குழு 2011-ல் பார்த்ததும் இதற்குப் பக்கத்தில்தான்: மன அழுத்தத்துக்கு ஆளானவர்களால் முதல் சிகரெட்டைத் தள்ளிப்போட முடியவில்லை, பற்றவைத்த பின் இழுத்ததும் அதிகம். ஒன்றரை ஷிப்ட் ஓடும் ஷிப்மென்ட் வாரம் அந்த மின்னதிர்ச்சிதான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டு ஆர்டர்கள் தடுமாறிய நாட்களில் விட்டதைத் திரும்பப் பிடித்தவரை மன உறுதி இல்லாதவர் என்று சொல்ல மேடையில் நிற்பவருக்கு எளிது.

மேடைப் பேச்சு மட்டுமா? 1800-11-2356 என்ற இலவச ஆலோசனை எண் 2018 செப்டம்பரிலிருந்து சிகரெட் பாக்கெட்டில் அச்சாகிறது. எச்சரிக்கைப் படமும் வாசகமும் பாக்கெட்டில் 85 சதவீத இடத்தை அடைக்கின்றன. பேக்கரியில் ஒற்றைச் சிகரெட் வாங்குகிறவரிடம் படமும் வராது, எண்ணும் வராது. இரண்டும் கடைக்காரர் அலமாரியிலேயே இருக்கும். ‘புகையிலை இல்லா வளாகம்’ என்ற பலகைக்கும் பாதி அர்த்தம்தான். பஞ்சும் துணியும் குவிந்த இடத்தில் யாரும் தீக்குச்சி உரசமாட்டார்கள். உதட்டுக்குள் ஹான்ஸ் புகையிலையை அடக்கிக்கொள்வதைப் பலகை பார்ப்பதில்லை. குட்கா, பான் மசாலாவுக்கு மாநில அரசு 2013-ல் தடை போட்டது. பறிமுதல் செய்தி இன்னமும் வந்துகொண்டிருக்கிறது.

விஞ்ஞானிகளின் உற்சாகத்தையும் அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. எலியைக் காப்பாற்றிய சி.ஆர்.எஃப். தடுப்பு மருந்து வகையை 2015 வாக்கில் மதுப் பழக்கத்துக்கு ஆளான மனிதர்களிடம் சோதித்தபோது, குடிக்கும் ஏக்கம் குறையவில்லை.

மீதிக் கேள்விகளுக்கு:

விட்டால் டென்ஷன் நிரந்தரமாகிவிடுமா? 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட கட்டுரையின்படி, விட்டவர்களுக்குப் பதற்றமும் மன அழுத்தமும் குறைந்தன.

பீடிக்கு மாறினால்? நிக்கோடின் அதேதான்.

ஹான்ஸ்? புகை இல்லை, மறுதட்டின் எடை அப்படியே இருக்கும்.

நிக்கோடின் சூயிங்கம்? மெதுவாக ஏறுவதால் தராசு அவ்வளவு ஆடாது. மருத்துவரைக் கேட்டுத் தொடங்கலாம்.

டீயையும் விடணுமா? வேண்டாம், குறைத்தால் போதும். புகை நின்றதும் காஃபீன் உடலில் கூடுதல் நேரம் தங்கி, படபடப்பை ஏற்றிவிடும்.

மே 31-லேயே விடணுமா? அந்த வாரம் ஷிப்மென்ட் இருந்தால், சரக்கு கன்டெய்னர் ஏறிய மறுநாள்.