சீனி 7 ஆ, 126 ஆ?

கனடாவில் இருக்கும் அக்கா, "இன்றைக்குச் சாப்பிட முன் சீனி 7" என்று தொலைபேசியில் சொல்கிறார். டோட்முண்டில் இருக்கும் தங்கை, "ஐயோ, எனக்கு 126" என்று பயப்படுகிறார். உண்மையில் இருவரின் இரத்தத்திலும் இருப்பது ஒரே அளவு சீனிதான். எம்மவர்கள் பல நாடுகளில் சிதறி வாழ்வதால் வரும் குழப்பம் இது.

பள்ளிக்கூடத்தில் அடர்த்தி படித்திருப்போம்: திணிவைக் கனவளவால் வகுக்க வேண்டும். விடையோடு அலகு எழுதாவிட்டால் ஆசிரியர் புள்ளியைக் குறைத்துவிடுவார். தண்ணீரின் அடர்த்தியை 1 என்றும் சொல்லலாம், 1000 என்றும் சொல்லலாம். முன்னையது கன சென்ரிமீற்றருக்கு கிராம், பின்னையது கன மீற்றருக்குக் கிலோகிராம்.

இரத்தச் சீனியும் அப்படித்தான். இலங்கையிலும் இந்தியாவிலும் 100 மில்லிலீற்றர், அதாவது ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்று பார்க்கிறார்கள். கனடா, பிரித்தானியா, சுவிஸ், நோர்வே ஆகிய நாடுகளில் ஒரு லீற்றரில் எத்தனை மில்லிமோல் என்பதே கணக்கு. மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அலகு. ஒரு மில்லிமோல் குளுக்கோசின் நிறை சுமார் 180 மில்லிகிராம். ஒரு லீற்றரில் 10 டெசிலீற்றர். ஆகவே 18 ஆல் பெருக்கினால் போதும். 7 × 18 = 126. வெறும் வயிற்றில் நீரிழிவு என்று கணிக்கும் எல்லையும் இதுதான் என்பதால், அக்காவும் நிம்மதியாக இருந்துவிட முடியாது!

யேர்மனியில் இரண்டும் உண்டு. மேற்கில் மில்லிகிராம். முன்னாள் கிழக்கு யேர்மனியிலோ மில்லிமோல். 1990 இல் நாடு ஒன்றிணைந்த பின்னும் அங்கு அந்தப் பழக்கம் தொடர்கிறது. சீனி பார்க்கும் கருவி வாங்கும்போது பெட்டியில் எந்த அலகு போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

இந்த 18 சீனிக்கு மட்டுமே. கொலஸ்ரரோலுக்கு 38.7 ஆல் பெருக்க வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 7 வீதம் என்பதும் 53 என்பதும் ஒன்றுதான். அதற்கு வேறு சூத்திரம். 53 ஐக் கண்டு மயங்கி விழவேண்டாம்.

இன்சுலினில்தான் உயிராபத்து. இந்தியாவில் மில்லிலீற்றருக்கு 40 யூனிட் கொண்ட குப்பிகள் இன்றும் விற்கப்படுகின்றன. இங்கே பேனாக்களில் வழக்கமாக 100 யூனிட். சிலவற்றில் 200, 300 கூட உண்டு. 40 க்கென்று அடையாளமிட்ட ஊசியில் 20 என்ற கோடுவரை இழுத்தால் வருவது அரை மில்லிலீற்றர். அதற்குள் 100 யூனிட் இன்சுலின் இருந்தால் உடலுக்குள் போவது 20 அல்ல, 50 யூனிட்! சீனி திடீரென இறங்கி நினைவிழக்க நேரிடலாம். எனவே பேனாவிலிருந்து ஊசியால் இன்சுலினை உறிஞ்சி எடுக்கவே கூடாது. ஊரிலிருந்து வரும் அம்மா, அப்பா இன்சுலின் கொண்டுவந்தால், குப்பியையும் ஊசியையும் சேர்த்தே எடுத்துச் சென்று குடும்ப வைத்தியரிடமோ மருந்துக்கடையிலோ காட்டுங்கள்.